ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை

என் வீட்டுக்காரர் வரும் பஸ் மலை மேலுள்ள தானா ராத்தா ஊரை அடைய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில், ஈரச் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகிக்கொண்டிருந்தேன்.

உள்ளங்கை அகலம், ஓர் அங்குலக் கனம். கோஸ் பெட்டி அடுக்கும் மரத்தட்டிலிருந்து அறுத்தது. பார்த்தால் தெரியக் கூடாது என்று சிமெண்டு நிறத்தில் சாயம்கூடப் பூசியிருந்தேன். வீட்டுச் சுவருக்குச் சாயம் அடிக்க இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

பலகை சரியாக உட்கார்ந்ததும் எழுந்து நாலடி தள்ளி நின்று பார்த்தேன். மோட்டார் சரியான சாய்வில், உயரமாக, கம்பீரமாக நின்றது. டேங்க் முழுவதும் பனி நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டேன். என் விரல்களில் கிரீஸ் வாடை அடித்தது. எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி எழுதினேன், பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன், தேயிலைக் காட்டு அட்டைகளைப் பற்றிக்கூட இரண்டு வாரம் எழுதிவிட்டேன். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி காணோமே என்று ஈப்போவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, மனிதர் வீட்டில் இருந்தால்தானே எழுதுவதற்கு! அவருக்குப் பதிலாக இத்தனை வருடம் என் வாசலில் நின்றது அவருடைய மோட்டார்தான். அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஆறு மாசம் லா

என் வீட்டுக்காரர் குமரேசன் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆலையில் இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் பிட்டராக இருந்தவர். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நான் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. கல்யாணப் படத்தில் என்னை ஒரு மணைக்கட்டை மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள், அப்படியும் நான் அவர் தோளைத் தாண்டவில்லை.

நாற்பது வயதை நெருங்கும்போது அவருக்கு ஓர் ஆசை வந்தது. நீல நிறத்தில், நூற்றைம்பது சிசியில், பந்தயத்தில் ஓடுகிற மாதிரி ஒரு ஸ்போர்ட் மோட்டார். முன்னால் கவசம் மாதிரி மூடி, கைப்பிடி தாழ்ந்து, சீட் மேலே தூக்கிக்கொண்டு இருக்கும். அதில் உட்கார்ந்தால் டேங்க் மேல் படுத்துத்தான் ஓட்ட வேண்டும். வேறொருவர் ஓட்டிப் பழகியதைத்தான் வாங்கி வந்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது, இந்தச் சிரிப்புக்காக என்ன செலவானாலும் தகும் என்று நினைத்தேன். வாயால் சொன்னது வேறு. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றேன்.

நாலே மாதம்தான் ஓட்டினார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது. எங்கள் மகள் சுபாவின் படிப்பு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து வேலையை நம்பி அதை முடிக்க முடியாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

"ஆறு மாசம் லா, தேவி. போய்ட்டு வந்துருவேன்" என்றார். என் பெயர் தேவகி. அவர் வாயில் அது எப்போதும் தேவிதான்.

பஸ் ஏறும்போது இரண்டு விஷயம் சொன்னார். "மோட்டார வித்துறாத, நான் வந்து ஓட்டணும்." இது ஒன்று. "வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு, இல்லாட்டி பேட்டரி செத்துரும்." இது இன்னொன்று. வேறு ஏதாவது சொல்வார் என்று ஜன்னல் ஓரமாகவே நின்றேன். பஸ் போய்விட்டது.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூரில் வீடு எடுத்து, தினமும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போனார். சில மாதத்தில் உலகத்தையே முடக்கிய அந்தத் தொற்றுக் கிருமி வந்தது. எல்லையை மூடப்போகிறார்கள் என்றதும் பட்டறை முதலாளி ஆட்களையெல்லாம் சிங்கப்பூரிலேயே தங்கச் சொல்லிவிட்டார். இரண்டு சட்டையோடு அந்தப் பக்கம் போனவர். ஏறத்தாழ இரண்டு வருடம் பாலம் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சத்தம்

ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு மோட்டாரை ஸ்டார்ட் செய்வேன். அவர் போனில் இருப்பார். போனை எக்ஸாஸ்ட் பக்கம் பிடிக்கச் சொல்வார். நானும் பிடிப்பேன். அந்தப் பக்கம் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். சில ஞாயிறு, புகை கண்ணில் பட்டதா வேறு காரணமா தெரியாது, எனக்குக் கண் கலங்கிவிடும். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

முதலில் ஸ்டார்ட் மட்டும். பிறகு ஏறி உட்கார்ந்து பார்ப்பேன். பிறகு லயத்து முனை வரை. அதன் பிறகு நடந்ததற்கு என் வேலைதான் காரணம்.

நான் தோட்டத்தில் கங்காணி. என் அப்பா காலத்தில் கங்காணி என்றால் மீசையும் கைத்தடியும் வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை, குரல் மட்டும் உண்டு. பெரிய கத்தரியோடு கொழுந்து வெட்டும் நேப்பாளத்து ஆட்களும் வங்காளதேசத்து ஆட்களும் மூன்று காட்டில் பிரிந்து நிற்பார்கள். காலையில் மூன்று காட்டுக்கும் போய் ஆள் எண்ணிக்கை பார்த்து, கொழுந்து தரம் பார்த்து, லாரி வரும் நேரம் சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்குத் தோட்டம் கொடுத்திருந்த பழைய சின்ன மோட்டார் ஒருநாள் ஏற்றத்தில் புகை விட்டுப் படுத்துவிட்டது. வேறு ஒன்று தருகிறேன் என்று துரை சொன்னார். இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே நீல மோட்டாரை எடுத்தேன். தேயிலைக் காட்டுச் செம்மண் பாதையில் பந்தய மோட்டாரில் கங்காணியம்மா போவதைப் பார்த்து ஆட்கள் கத்தரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுத்தினால் ஒரு கால் நுனி மட்டும்தான் தரையைத் தொடும். சரிவில் அதுவும் தொடாது. ஒரு வாரத்தில் இரண்டு முறை விழுந்தேன். மாலையில் மணிக்கட்டும் பிடரியும் கழன்று விழுகிற வலி.

"தாழ்த்திட்டா சரியாப் போச்சு, அக்கா" என்றான் ஆ லெக். பிரிஞ்சாங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சீனன். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான்.

மூன்று மாதம் நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் கேட்டான். சீட் நல்லா இருக்கு, அழகு கெட்டுரும் என்று எதையோ சொன்னேன். உண்மையை இங்கே எழுதுகிறேன். அந்த மோட்டார் அவர் உயரத்தில் நிற்கும்வரை, அவர் திரும்பி வந்து ஏறப்போகிறார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதை என் உயரத்துக்கு இறக்கிவிட்டால், அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். படிக்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது தடவை விழுந்தபோது சைலன்சர் சுட்டுக் கெண்டைக்காலில் தோல் உரிந்தது. மறுநாள் பட்டறைக்குப் போய், "பழசு எதையும் தூக்கிப் போடாத. எல்லாத்தையும் என்கிட்ட குடுத்துரு" என்றேன்.

இறக்குவது எப்படி

தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பின்சக்கரத்துச் சஸ்பென்ஷனில் ஒரு ஜோடி இரும்புத் தகடு இருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நீளமான தகட்டை மாட்டினால் பின்பக்கம் இறங்கும். முன்னால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான போர்க்கைத் தளர்த்தி மேலே ஏற்றினால் முன்பக்கமும் அதற்குச் சரியாக இறங்கும். சீட்டின் உள்ளே இருக்கும் பஞ்சைச் செதுக்கி ஜெல் வைத்தால் இன்னும் ஒரு விரற்கடை. கைப்பிடிக்கு அடியில் உயரக்கட்டை வைத்தால் முதுகு நிமிரும். பழைய சீட்டுக்குப் பதிலாகக் கடையில் வேறொரு சீட் வாங்கித்தான் செதுக்கினோம். பழையதைத் துப்பட்டியில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன்.

எல்லாம் முடிந்து முதல் நாள் இரண்டு பாதமும் தரையில் பதிய நின்றபோது என் மனதில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது. சந்தோஷத்துக்குப் பின்னால்தான் அழுகை வந்தது.

ஆ லெக் ஒன்றை மறந்துவிட்டான். மோட்டார் இறங்கினால் ஸ்டாண்டு நீளமாகிவிடும். காட்டில் நிறுத்தினேன். சாயாமல் நெட்டுக்குத்தாக நின்றது. நான் திரும்பி ஆள் எண்ணுவதற்குள் வலப்பக்கமாகச் சரிந்து தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தார்கள். டேங்கில் கொழுந்து ஒட்டியிருந்தது.

"ஸ்டாண்ட வெட்டி ஒட்டிரலாம், அக்கா. ஆனா வெட்டுனா வெட்டுனதுதான், லா" என்றான்.

"வெட்டு" என்றேன்.

மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாட்டலாம். வெட்டிய ஸ்டாண்டு வளராது. புதிது ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்டாண்டுக்குப் போய் யார் இவ்வளவு யோசிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

அங்கிருந்து வரும் அழகு

இதற்கிடையில் அவர் சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்து அந்த அடைபட்ட அறையில் பத்துப் பேரோடு படுத்துக்கொண்டு போனில் மோட்டார் சாமான் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. பிடித்ததை வாங்கி நம் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லிவிடுவார். தோட்டத்துக் காவல் கொட்டகையில் பார்சல் வந்து கிடக்கும்.

நீல நிற பிரேக் பிடி. புகை நிறக் கண்ணாடி மூடி. சக்கர விளிம்பில் ஒட்டும் கோட்டு ஸ்டிக்கர். கைப்பிடி நுனியில் மாட்டும் நீல வட்டக் கண்ணாடி. எல்லாம் பார்வைக்குத்தான். உட்காருகிறவள் முதுகைப் பற்றி ஒரு சாமானும் நினைக்கவில்லை. ஒரு தடவை பின் மட்கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்ட ஒரு சின்ன வால் அனுப்பினார். படத்தில் கொள்ளை அழகு. எங்கள் காட்டில் மழை பெய்த மறுநாள் என் பின்தலை வரை சேறு.

"மாட்டிட்டியா? எப்படி இருக்கு?" என்பார் போனில்.

"ராஜா மாதிரி இருக்கு" என்பேன், தலையில் சேற்றோடு.

வீடியோவில் காட்டச் சொன்னால் போனைத் தரையோடு வைத்துக் கீழேயிருந்து மேலே காட்டுவேன். எதுவும் உயரமாகத் தெரியும். அவரும் "அழகு, அழகு" என்பார்.

கிண்டல் செய்கிறேனே தவிர, அந்தப் பார்சல்களை நான் எப்படிப் பிரித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கத்தி போட மாட்டேன். நகத்தால் டேப்பை உரிப்பேன். அவர் கைபட்ட பொருள்கூட இல்லை, ஏதோ ஒரு கிடங்கிலிருந்து நேராக வருவது. ஆனாலும் ஒரு ராத்திரி முழுவதும் அவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அதனால் அதை வெகு நேரம் கையில் வைத்திருப்பேன்.

அவர் அழகுக்கு அனுப்பினார், நான் வசதிக்கு மாட்டினேன். ஒரே மோட்டாரை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து கட்டிக்கொண்டிருந்தோம்.

உயர்த்தும் நாள்

பாலம் திறந்தது. வருகிறேன் என்றார். முந்தின நாள் மத்தியானம் ஆ லெக்கின் பட்டறைக்கு ஓடினேன். பழைய தகடு, பழைய சீட் இரண்டையும் மாட்டி, போர்க்கை இறக்கி, கைப்பிடிக் கட்டையை எடுத்துவிட்டு மோட்டாரை அவர் உயரத்துக்கு ஏற்றினோம். வெட்டிய ஸ்டாண்டு இப்போது குட்டையாகிவிட்டது. மோட்டார் இடப்பக்கமாக விழுகிற மாதிரி சாய்ந்தது. அப்போதுதான் அந்தப் பலகை யோசனை வந்தது.

அவர் வந்தார். இளைத்திருந்தார். வாசலில் பையை வைத்துவிட்டு மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏறி உட்கார்ந்தார். "அப்படியே இருக்கு, தேவி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஒரு மத்தியானம் முழுக்க பட்டறையில் முட்டி தேய உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவார். நாலு நாள் இருப்பார். முந்தின நாள் உயர்த்துவேன், போன மறுநாள் இறக்குவேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு ஆ லெக் என்னிடமே ஸ்பேனரைக் கொடுத்துவிட்டான். வீட்டு வாசலிலேயே செய்யக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் "அடுத்த வருசம் வந்துருவேன்" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் "சரி" என்பேன்.

வந்தால் ஒரு நாள் தனியாகக் காய்கறிச் சந்தை இருக்கும் கியா பார்ம் வரை ஒரு சுற்றுப் போவார். அவித்த சோளமும் ஸ்ட்ராபெரியும் வாங்கி வருவார். முதல் தடவை போய் வந்தபோது கைப்பிடி நுனியில் புதுக் கண்ணாடிகள் இருந்தன, சிவப்பு நிறத்தில். "நீலம் நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குக் காச கரியாக்குறீங்க?" என்று சண்டை போட்டேன். "ஸ்டைலா இருக்கட்டுமே" என்றார்.

கியா பார்மில் பார்த்தது

இனி, நான் பலகை செருகிய அந்தக் காலைக்கு வருகிறேன். போன தடவை அவர் வந்தபோது நடந்தது அது. வியாழன் காலையில் வந்து இறங்கினார். வழக்கம்போல "அப்படியே இருக்கு" என்றார். சனிக்கிழமை வழக்கம்போலத் தனியாகக் கிளம்பினார்.

சாமிக்குப் பூ வாங்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. பக்கத்து வீட்டு வேன் கியா பார்முக்குக் காய் ஏற்றப் போனது. தொற்றிக்கொண்டேன். வேன் வழியில் எங்கும் நிற்காமல் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வழியில் எங்கேயோ தேநீர் குடித்திருப்பார் போலிருக்கிறது. நான் கோஸ் கடைக்குப் பின்னால் நின்று செவ்வந்திக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது எதிரே எங்கள் மோட்டார் வந்து நின்றது.

கூப்பிட வாயெடுத்தேன். அவர் இறங்காமலே ஒரு கையை மேல்சட்டைப் பைக்குள் விட்டார். தட்டையாக ஒரு மரத்துண்டை எடுத்தார். குனிந்து பார்க்காமல் அதைத் தரையில் போட்டு, காலால் தள்ளி, அதன் மேல் ஸ்டாண்டை இறக்கினார். மோட்டார் சரியான சாய்வில் நின்றது. நூறு தடவை செய்து பழகிய கால் அது.

பூக்காரி சொன்ன விலையைக் கொடுத்துச் செவ்வந்திக் கட்டைக் கையில் வாங்கினேன். வீட்டு வாசலுக்கு மட்டும் பலகை வைத்தேன். வெளியே போனால் மோட்டாரை எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும் என்ற சின்ன விஷயம் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆட்களுக்குப் புத்தி சொல்கிற கங்காணி!

"ஏங்க" என்றேன்.

திரும்பினார். என்னைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார். திருடி மாட்டிக்கொண்டது அவரா நானா என்று இரண்டு பேருக்குமே விளங்கவில்லை.

"நீ எப்படி இங்க?"

"பூ வாங்க வந்தேன். கீழ அது என்னாது?"

"பலகை."

"அது தெரியுது. உங்க பைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"வாசல்ல நீ வச்சிருக்கியே, அதே மாதிரிதான்" என்றார். "ஆனா நான் சாயம் பூசல."

சோளக் கடை ஓரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. ஆளுக்கொரு சோளம் வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்தோம். பனி இறங்கிக் கடைகளின் விளக்கெல்லாம் மங்கியிருந்தது.

"எப்ப தெரியும்?"

"முத தடவையே. பிரிஞ்சாங்குல சாப்பாட்டுக் கடை முன்னால நிறுத்துனேன், அப்படியே படுத்துருச்சு. ஒரு பக்கக் கண்ணாடி ஒடஞ்சிருச்சு. குனிஞ்சு பாத்தா ஸ்டாண்டுல வெல்டிங் தடம். நான் பிட்டர், தேவி. எனக்குத் தெரியாதா? நேரா ஆ லெக்கிட்ட போனேன். ரெண்டு பக்கமும் புதுக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வந்தேன். ஸ்டைலுன்னு சொன்னேன்ல, அது."

"ஆ லெக் சொல்லிட்டானா?"

"அவன் என்னா சொல்லுவான்? அக்கா சொல்லாதன்னாங்க, நீங்களும் சொல்லாதங்கிறீங்க, ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஏன் மாட்டணும்னு கத்துனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல? ஒவ்வொரு தடவையும் முட்டி தேய நான் ஏத்துறேன், எறக்குறேன். பாத்துக்கிட்டு அப்படியே இருக்குன்னு சொல்லிட்டுப் போறீங்க?"

சோளத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடித்துப் பார்க்கவில்லை.

"சொல்லணும்னா, இனிமே ஏத்தாத, ஒன் ஒயரத்துக்கே இருக்கட்டும்னு சொல்லணும். அப்படிச் சொன்னா நான் வரமாட்டேன்னு நீ எடுத்துக்குவே. அந்தப் பயம்தான்."

நான் மூன்று மாதம் ஆ லெக்கிடம் சொல்லாமல் மறைத்த அதே காரணம். அதை அவர் வாயால் கேட்டபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. செவ்வந்திக் கட்டில் முகத்தை வைத்துக்கொண்டேன். சோளக்காரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், நல்லவள்.

பிறகு, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "வருவீங்களா, மாட்டீங்களா?"

"வரணும்னுதான் இருக்கு. எப்பன்னு தெரியல" என்றார். "சுபா முடிக்க இன்னும் ரெண்டு வருசம். அதுக்கப்புறம் இங்க எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல. சும்மா அடுத்த வருசம், அடுத்த வருசம்னு சொன்னேன். இனிமே அப்படிச் சொல்லல, தேவி."

வலித்தது. ஆனால் அவர் எனக்குக் கொடுத்த முதல் நேரான பதில் அதுதான். அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சோளத்தைத் தின்றேன்.

"வீட்டுக்குப் போய் மோட்டார எறக்கிருவோம்" என்றேன்.

"ம்" என்றார்.

இரண்டு பேர் வேலை

அன்று மத்தியானம் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். நான் ஸ்பேனரை எடுத்ததும் அவர் கை நீட்டினார், வழக்கமான பிட்டர் கை. நான் கொடுக்கவில்லை. தகட்டை நானே கழற்றினேன். அவர் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த போல்ட் இன்னும் ஒரு சுத்து" என்றார்.

"தெரியும்."

"போர்க்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவா ஏறணும்."

"தெரியும்ங்க. நீங்க புடிங்க."

போல்ட்டுகளை முறுக்கி முடித்தேன். பிறகு அவர் என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஸ்பேனர் பிடித்துப் பிடித்துக் காய்த்திருந்தது. கட்டை விரலால் அந்தக் காய்ப்பைத் தடவினார். "நல்லாவே செய்யிற" என்றார். கல்யாணமாகி இருபது வருடம் தாண்டிவிட்டது. என் சமையலுக்குக்கூட அந்தக் குரலில் ஒரு பாராட்டு வந்ததில்லை.

அலமாரிக்குத் திரும்பிய பழைய சீட்டை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தானா ராத்தா வரை

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். எப்போதும் வேனில்தான் போவார். பையை நான் முன்னால் மாட்டிக்கொண்டேன். அவர் பின்னால் ஏறினார்.

ஸ்போர்ட் மோட்டாரின் பின்சீட் ஒரு கையகலம், அதுவும் உயரத்தில். என் தலைக்கு மேல் அவர் தலை. லயத்துச் சனம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்திருக்கும். அதைத்தான் மோட்டார் வாங்கிய மாதமே அழகு கெடுகிறது என்று கழற்றிப் போட்டிருந்தார்.

"எத புடிக்கிறது?" என்றார் மெதுவாக.

"என்னத்தான் புடிக்கணும். வேற என்னா இருக்கு?"

தயங்கித் தயங்கி என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டார். தெருவில் கைகோத்துக்கூட நடக்காத மனிதர். முதல் பள்ளத்தில் அவர் எடைக்குப் பின்டயர் உரசிக் கிறீச்சிட்டது. கையை இறுக்கிக்கொண்டார். அதன் பிறகு தளர்த்தவில்லை.

பிரிஞ்சாங் இறக்கம் முழுவதும் பனி. ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினேன், பிறகு நாற்பதைத் தாண்டாமல். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. என் முதுகில் அவர் நெஞ்சும் தோளில் அவர் தாடையும் பட்டுக்கொண்டே வந்தன. ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் மறுபடி வேறு எதையாவது சொல்லிவிடுவார் என்று கேட்காமல் விட்டேன்.

பஸ் நிலையத்தில் அடுத்த வருடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பாத்துப் போ" என்றார். நானும் "பாத்துப் போங்க" என்றேன். பஸ் வளைவில் திரும்பும்வரை நின்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இந்த மலையில் இத்தனை வருடமாக மோட்டார் ஓட்டுகிறேன். கை விறைக்கும், முட்டி விறைக்கும், மூக்கு நுனி மரத்துப்போகும். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு சாமான் வாங்கி மாட்டி ஓட்டிப் பழகியிருக்கிறேன். அன்று பிரிஞ்சாங் ஏற்றத்தில்தான் முதல் தடவையாக எனக்கு முதுகு குளிர்ந்தது. வீடு வந்து சேரும்வரை குளிர்ந்துகொண்டே இருந்தது.